ஜெர்மானியப் பதிவேடுகளில் யூத மூதாதையரைத் தேடுதல்

உங்கள் மருமகனின் பாட்டி 1939இல் தெற்கு ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு அகதியாக வந்த யூதப் பெண் என்றும், அவருடைய குடும்பப் பெயரையும் 'ஸ்டுட்கார்ட் பக்கத்து ஊர்' என்ற செவிவழிச் செய்தியையும் தவிர வேறெதுவும் கைவசம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். யூதர்களின் பதிவேடுகளை நாஜிகள் அழித்துவிட்டார்களா, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்க ஓர் இணையதளம் உண்டா என்பவை உங்கள் கேள்விகள். முதல் கேள்விக்கு விடை, பெருமளவுக்கு அழிக்கவில்லை என்பதே. அதற்கான காரணம் ஆறுதல் தருவதன்று, அதைப் பின்னர் விளக்குகிறேன். இரண்டாவது கேள்விக்கு விடை, இல்லை. ஜெர்மனியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுக்கு நாடு முழுமைக்குமான பெயர் அட்டவணை என ஒன்று என்றுமே இருந்ததில்லை. பதிவுகள் யாவும் ஊர்வாரியாகவே எழுதப்பட்டன, ஊர்வாரியாகவே காக்கப்படுகின்றன. எனவே குடும்பப் பெயரைத் தேடுபெட்டியில் இட்டுக் கிடைக்கும் நூற்றுக்கணக்கான விடைகளில் காலத்தைக் கழிப்பதை விட, முதலில் ஊரையும், அடுத்து அந்த ஊரை அந்தந்த ஆண்டில் ஆண்டது யார் என்பதையும் உறுதிசெய்து கொள்வதே சரியான தொடக்கம். 1871க்கு முன் ஜெர்மனி என்பது ஒரே நாடு அன்று. பிரஷ்யா, பவேரியா, வூர்ட்டம்பெர்க், பாடன், ஹெஸ்ஸன் எனப் பல அரசுகளின் தொகுதி. யூதர்களின் பிறப்பையும் இறப்பையும் யார், எந்த மொழியில், எந்தப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பதை ஒவ்வோர் அரசும் தன் விருப்பப்படி தீர்மானித்தது.

ஊரைக் கண்டுபிடிப்பதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. 1939இல் வெளியேறிய ஒருவரைப் பற்றிய தாள்கள் அவர் போய்ச் சேர்ந்த நாட்டில்தான் முதலில் கிடைக்கும்: அகதிப் பதிவு, குடியுரிமை விண்ணப்பம், திருமணச் சான்று, கல்லறைக் கல். ஜெர்மனியிலேயே தங்கிவிட்டு நாடுகடத்தப்பட்ட உறவினர் எவரேனும் இருந்தால், ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் நினைவுப் புத்தகத்தில் அவருடைய பிறந்த தேதியும் பிறந்த ஊரும் இருக்க வாய்ப்பு மிகுதி. எருசலேமில் உள்ள யூத இனப்படுகொலை நினைவகமான யாட் வாஷெமில் உறவினர்கள் நிரப்பித் தந்த சாட்சிப் படிவங்களும், நாஜிக் கொடுமைக்கு ஆளானோர் பற்றிப் பாட் ஆரோல்சன் நகரில் உள்ள ஆவணக் காப்பகத்தின் தொகுப்பும் இதே வகையில் உதவும். 1939 மே 17 அன்று நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, ஒவ்வொருவருடைய தாத்தா பாட்டி நால்வரும் யூதரா என்று கேட்டுத் தனி அட்டைகள் நிரப்பப்பட்டன. அவற்றில் எஞ்சியவையும் இன்று தேடக்கூடியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பலேறியவர்களுக்கு ஹாம்பர்க் துறைமுகத்தின் 1850 முதல் 1934 வரையிலான பயணியர் பட்டியல்கள் பெரிய துணை, ஏனெனில் அவை பயணியின் கடைசி வசிப்பிடத்தைக் குறிக்கின்றன. பிரேமன் துறைமுகத்தின் பட்டியல்களோ 1920க்கு முந்தையவை இன்று இல்லை.

ஊரின் பெயர் கிடைத்த பிறகும் ஒரு கண்ணி உண்டு. ஜெர்மனியில் நொய்ஷ்டட் என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. ரோட்டன்புர்க் என்ற ஒலியுடைய பெயரோ வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் வெவ்வேறு மாநிலங்களில் வரும். 1912இல் வெளியான மேயர் ஊர்ப்பெயர் அகராதி இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சிற்றூரைத் தேடினால், அது எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது, அதன் பதிவு அலுவலகம் அந்த ஊரிலேயே இருந்ததா அல்லது பக்கத்து ஊரிலா என்பதெல்லாம் அதில் தெரியும். சின்னஞ்சிறு ஊர்களுக்குத் தனிப் பதிவு அலுவலகம் இருந்திருக்காது என்பதால் இந்த அகராதியைப் பார்க்காமல் எழுதப்படும் கடிதங்கள் தவறான இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன.

இனி பதிவேடுகளுக்கு வருவோம். அரசு அலுவலர் எழுதும் பதிவு பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 அன்றும், பேரரசு முழுவதிலும் 1876 ஜனவரி 1 அன்றும் தொடங்கியது. அதை எழுதும் அலுவலகத்துக்கு ஷ்டாண்டஸ்அம்ட் என்று பெயர். ஜெர்மனியில் வாழும் தமிழர்கள் திருமணப் பதிவுக்காகவும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றுக்காகவும் இன்று படியேறும் அதே அலுவலகம்தான். அந்த நாள் முதல் யூதர், கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் என்ற பிரிவின்றி எல்லோரும் ஒரே புத்தகத்தில், ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும் வரிசை எண்ணுடன் பதியப்பட்டார்கள். ஆயினும் சமயம் என்ன என்பதைப் படிவம் கேட்டது. 'மோசேயின் சமயம்', 'இஸ்ரவேலச் சமயம்' என்ற இரு தொடர்களில் ஏதேனும் ஒன்று யூதக் குடும்பத்தை அடையாளம் காட்டும்.

எப்படிப்பட்ட தகவல் இருக்கும் என்பதைக் காட்ட, எல்லோரும் அறிந்த ஒரு பதிவை எடுத்துக்கொள்கிறேன். உல்ம் நகரப் பதிவு அலுவலகத்தின் 1879ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவேட்டில் 224ஆம் எண்ணில், மார்ச் 15 அன்று எழுதப்பட்டது ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் பிறப்பு. வணிகர் ஹெர்மன் ஐன்ஸ்டைன், பான்ஹோஃப் தெருவில் வசிப்பவர், இஸ்ரவேலச் சமயத்தவர், நேரில் வந்து, கோக் குடும்பத்தில் பிறந்தவரும் தம் மனைவியுமான பவுலீன் முந்தைய நாள் முற்பகல் பதினொன்றரை மணிக்குத் தம் வீட்டில் ஆண் குழந்தை ஒன்றைப் பெற்றார் என்று அறிவித்ததாக அது கூறுகிறது. இந்த ஒரு பக்கத்திலிருந்து தந்தையின் தொழில், தெரு, தாயின் பிறந்த வீட்டுப் பெயர், இருவருடைய சமயம் ஆகிய யாவும் கிடைக்கின்றன. கிடைக்காதது பெற்றோரின் வயதும் அவர்கள் பிறந்த ஊர்களும். பிறப்புப் பதிவு ஒரு தலைமுறையை மட்டுமே தரும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். முந்தைய தலைமுறைக்குப் போகும் வழி திருமணப் பதிவில் இருக்கிறது.

ஹெர்மனும் பவுலீனும் 1876 ஆகஸ்ட் 8 அன்று கான்ஷ்டட்டில் மணந்தார்கள். அரசுப் பதிவு தொடங்கிய முதல் ஆண்டே அது என்பதால், மணமக்கள் இருவரும் எப்போது, எங்கே பிறந்தார்கள், அவர்களுடைய பெற்றோர் யார், எங்கே வசித்தார்கள் என்பவற்றையெல்லாம் கேட்கும் புதிய படிவத்தின் காலத்தில் அந்தத் திருமணம் நிகழ்ந்தது. மணமகன் 1847இல் பூஹாவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் ஆபிரகாம் ஐன்ஸ்டைனும் மோஸ் குடும்பத்து ஹெலேனும். ஒரு படியில் இரண்டு தலைமுறை ஏறிவிட்டோம். திருமணத்துக்காக மணமக்கள் கொண்டுவந்து தந்த தாள்களையும் பதிவு அலுவலகங்கள் தனிக் கோப்பாகக் கட்டி வைத்தன. பிறப்புச் சான்றின் நகல், இறந்துபோன பெற்றோரின் இறப்புச் சான்று, உயிருடன் இருந்தவர்களின் ஒப்புதல் என்று பலவும் அதில் இருக்கும். சொந்த ஊரின் பதிவேடே தொலைந்துவிட்ட நிலையில், அந்த ஊர்ப் பதிவின் ஒரே நகல் வேறோர் ஊரின் திருமணக் கோப்பில் கிடக்கும் வாய்ப்பு உண்டு. பதிவேட்டைக் கேட்கும் பலர் இக்கோப்பைக் கேட்பதில்லை. என் கருத்தில் இதுதான் மிகவும் வீணாகும் செல்வம்.

இறப்புப் பதிவை நம்புவதில் சற்று எச்சரிக்கை தேவை. அதில் இறந்தவரின் வயது, பிறந்த ஊர், பெற்றோர் பெயர், துணைவரின் பெயர் ஆகியவை இருந்தாலும், அவற்றைச் சொன்னவர் மகனாகவோ மருமகனாகவோ மருத்துவமனை ஊழியராகவோ இருப்பார். எழுபது ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் பிறந்த கிழவியின் தாய் பெயர் மருமகனுக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அறிவித்தவர் யார் என்ற முதல் வரியைப் படித்துவிட்டு மற்றவற்றை எடைபோடுங்கள்.

இந்தப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை 2009 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி அமைந்தது. பிறப்புப் பதிவுகள் 110 ஆண்டுகள், திருமணப் பதிவுகள் 80 ஆண்டுகள், இறப்புப் பதிவுகள் 30 ஆண்டுகள் கடந்த பின் ஆவணக் காப்பகத்துக்கு உரியவையாகி, எவரும் காணத்தக்கவையாகின்றன. அதற்கு முன் அவை பதிவு அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கும். சம்பந்தப்பட்டவரின் துணைவர், நேர்வழி முன்னோர், நேர்வழி வாரிசுகள் ஆகியோருக்கு நகல் கிடைக்கும். உங்கள் மருமகன் நேர்வழிப் பேரன் என்பதால் விண்ணப்பம் அவர் பெயரிலேயே போக வேண்டும். மாமியார் எழுதினால் மறுப்பார்கள்.

1876க்கு முந்தைய காலத்தில் நான் முன்பு சொன்ன 'ஆண்டது யார்' என்ற கேள்வி முழு வலுவோடு வந்து நிற்கிறது. ஸ்டுட்கார்ட் வூர்ட்டம்பெர்க்கில் இருந்தது, உங்களுக்கு வேண்டியதும் அதுவே என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். அங்கே யூதர்களின் பதிவைப் பல ஊர்களில் முதலில் கிறித்தவப் பாதிரியாரும் பிறகு யூத சமயகுருவும் எழுதினார்கள். 1828ஆம் ஆண்டுச் சட்டம் யூதர்களின் நிலையை முறைப்படுத்தி, நிலையான குடும்பப் பெயரையும் கட்டாயமாக்கியது. இந்த நாட்டின் தனிச் சிறப்பு குடும்பப் பதிவேடு என்னும் வகை: ஒரு தம்பதிக்கு ஒரு பக்கம், மேலே இருவருடைய பெற்றோர், கீழே பிள்ளைகள் அனைவரும், அவர்களுடைய பிறப்பு, திருமணம், இறப்பு, சில வேளைகளில் 'அமெரிக்கா சென்றார்' என்ற ஒற்றை வரி. மற்ற மாநிலங்களில் ஒரு குடும்பத்தைக் கட்டியெழுப்பப் பல தனிப் பதிவுகளைத் திரட்ட வேண்டும்; இங்கே ஒரு பக்கத்தில் கிடைத்துவிடும். வூர்ட்டம்பெர்க், பாடன், ஹோஹென்சாலர்ன் பகுதிகளின் யூதச் சமூகப் பதிவேடுகள் ஸ்டுட்கார்ட்டின் தலைமை மாநில ஆவணக் காப்பகத்தில் 'யோட் 386' என்ற தொகுப்பில் இருக்கின்றன. அவற்றின் பக்கங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். உங்கள் தேடல் இந்தத் தொகுப்பில்தான் பெரும்பகுதி நடக்கும்.

பாடனில் 1810 முதல் 1870 ஜனவரி இறுதி வரை ஊர்ப் பாதிரியார்களே அரசின் சார்பில் பதிவாளர்களாக இருந்தார்கள். ஒரு யூதக் குழந்தையின் பிறப்பைத் திருச்சபைப் பதிவேட்டில் தேட வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. அவர்கள் எழுதிய பதிவின் இரண்டாம் படி, அதாவது நகல், நீதிமன்றத்துக்குப் போனது. வடக்குப் பகுதிக்கு உரியவை கார்ல்ஸ்ருவிலும் தெற்குப் பகுதிக்கு உரியவை ஃப்ரைபுர்கிலும் எண்முறைப் படங்களாகக் கிடைக்கின்றன. ரைன் ஆற்றின் இடக்கரை 1798 முதல் பிரெஞ்சு முறையிலான குடிமைப் பதிவின் கீழ் இருந்தது. யூதரும் மற்றவரும் ஒரே புத்தகத்தில், தேதிகள் சில ஆண்டுகளுக்குப் பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியில், பத்தாண்டுக்கொரு பெயர் அட்டவணையுடன் இருக்கும். அது தேடுபவருக்கு வாய்த்த நல்வரம் என்றே சொல்வேன். பிரஷ்யாவில் 1812க்குப் பின் காவல் அதிகாரிகளிடமும், 1847 ஜூலைச் சட்டத்துக்குப் பின் நீதிமன்றங்களிடமும் யூதப் பதிவுகள் இருந்தன. ஆகவே 1860இல் பிரஷ்ய ஊரொன்றில் பிறந்தவரை யூதச் சமூகத்தின் தாள்களில் மட்டும் தேடிவிட்டு விட்டுவிடக் கூடாது. நீதிமன்றப் பதிவேட்டில் தேட வேண்டும்.

பவேரியாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1813 ஜூன் 10ஆம் தேதிய யூத ஆணை ஒவ்வோர் ஊரிலும் வசிக்கத் தகுந்த யூதக் குடும்பங்களின் எண்ணிக்கையை உறையவைத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மெட்ரிக்கல் என்ற எண்ணைத் தந்தது. ஓர் எண் காலியானால்தான் இன்னொரு குடும்பம் அமைக்கலாம். பொதுவாக மூத்த மகனுக்குத் தந்தையின் எண் போகும். மற்ற ஆண்மக்கள் மணமுடித்து ஊரில் குடியிருக்க முடியாது. இந்த விதி 1861இல்தான் நீங்கியது. பதிவேடுகளில் இதன் தடங்கள் பலவகை: நாற்பது வயதில் முதல் திருமணம் செய்யும் ஆண்கள், அரசு அங்கீகரிக்காத இணையருக்குப் பிறந்து தாயின் குடும்பப் பெயரில் 'முறையற்ற பிறப்பு' என்று பதியப்பட்ட பிள்ளைகள், திடீரென்று பதிவுகளிலிருந்து மறையும் இளைஞர்கள். மறைந்தவர்கள் இறக்கவில்லை, கப்பலேறிவிட்டார்கள். ஜீன்ஸ் வணிகத்தால் புகழ்பெற்ற லெவி ஸ்ட்ராஸ் 1829இல் பவேரியாவின் புட்டன்ஹைம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அண்ணன்மார் முன்பே நியூயார்க் சென்றிருக்க, தந்தை ஹிர்ஷ் 1846இல் இறந்ததும், தாயோடும் இரு சகோதரிகளோடும் அவர் அடுத்த ஆண்டு அமெரிக்கா சேர்ந்தார். அந்தக் குடும்பத்தின் கதையை மெட்ரிக்கல் விதியை அறியாமல் படித்தால் வறுமைக் கதை என்று மட்டுமே தோன்றும். பவேரியாவில் ஒரு முன்னோர் கிடைத்தால், பிறப்புப் பதிவோடு நிற்காமல் அந்த ஊரின் மெட்ரிக்கல் பட்டியலையும் கேளுங்கள். பழைய பெயர், ஏற்றுக்கொண்ட புதிய குடும்பப் பெயர், தொழில் ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே இருக்கும்.

பெயர்கள்தான் இந்தத் துறையில் தேடுபவரை அதிகம் அலைக்கழிப்பவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஊர்ப்புற யூதர்களில் பெரும்பாலோருக்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. மோசே என்பவரின் மகன் ஆபிரகாம் என்றால் ஆபிரகாம் மோசே, அவருடைய மகன் ஐசக் என்றால் ஐசக் ஆபிரகாம். தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் நாடுகள் 1787இல் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கின. வெஸ்ட்ஃபாலியாவும் ரைன் இடக்கரை உள்ளிட்ட பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளும் 1808இல், பாடன் 1809இல், பிரஷ்யா 1812இல், பவேரியா 1813இல், வூர்ட்டம்பெர்க் 1828இல் அவ்வழியே சென்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வசித்த உடன்பிறந்த சகோதரர்கள் இருவர் வெவ்வேறு அரசின் கீழ் வெவ்வேறு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டதற்கு எடுத்துக்காட்டுகள் நிறைய. ஒரே குடும்பப் பெயர் இருப்பதாலேயே உறவு என்று கொள்வதும் அதே அளவு தவறு.

குடும்பப் பெயர் நிலைத்த பின்னும் மாறியது. ஐன்ஸ்டைனின் தாய்வழிப் பாட்டனார் யூலியுஸ் கோக், பிறந்தபோது கோக் அல்லர். யேபன்ஹவுசன் ஊரைச் சேர்ந்த டோர்ட்ஸ்பாஹர் குடும்பத்தில் பிறந்து, 1842இல்தான் கோக் என்ற பெயரை ஏற்றார். பவுலீன் கோக்கின் திருமணப் பதிவிலிருந்து பின்னோக்கிச் செல்லும் ஒருவர் 1842இல் சுவரில் முட்டிக்கொள்வார். கோக் என்ற பெயரில் யேபன்ஹவுசனின் பழைய பதிவேடுகளைப் புரட்டினாலும் அந்தக் குடும்பம் கிடைக்காது. இத்தகைய இடங்களில் பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊரின் எல்லா யூதக் குடும்பங்களையும் பட்டியலிட்டு, பிறந்த ஆண்டும் முதற்பெயரும் பொருந்துகிற பிள்ளை யார் என்று பாருங்கள். சிற்றூர்களில் யூதக் குடும்பங்கள் சில பத்துகளே என்பதால் நினைப்பதைவிட இது விரைவில் முடியும். யேபன்ஹவுசனைப் பொறுத்தவரை, லீபன்ஸ்டைன் சீமான்கள் 1777இல் யூதர் குடியிருக்க அனுமதித்துத் தந்த பாதுகாப்புக் கடிதத்தால் தோன்றிய அந்தச் சமூகத்தின் வரலாற்றைக் கோப்பிங்கன் சமயகுரு ஆரன் டென்ட்ஸர் 1927இல் நூலாகவே எழுதியிருக்கிறார். இப்படி ஊர் வரலாறு எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் விசாரிப்பது பல மாத உழைப்பை மிச்சப்படுத்தும்.

முதற்பெயர்களும் நிலையானவை அல்ல. சமயச் சடங்குக்கு ஓர் எபிரேயப் பெயரும் ஊரில் வழங்க ஒரு பெயரும் இருந்தன. இரண்டுக்கும் இடையிலான தொடர்பு பெரும்பாலும் மரபுவழிப்பட்டது. ஆதியாகமத்தில் யாக்கோபு தன் மக்களை ஆசீர்வதிக்கும்போது யூதாவைச் சிங்கத்துக்கும் நப்தலியை மானுக்கும் பென்யமீனை ஓநாய்க்கும் ஒப்பிடுகிறார். அதனால் எபிரேயத்தில் யூதாவாக இருப்பவர் ஊரில் சிங்கத்தைக் குறிக்கும் லோப், நப்தலி ஊரில் மானைக் குறிக்கும் ஹிர்ஷ், பென்யமீன் ஊரில் ஓநாயைக் குறிக்கும் வோல்ஃப். ஹிர்ஷ் என்று பதிவேட்டில் உள்ளவரின் கல்லறையில் நப்தலி என்று எழுதியிருந்தால் அது வேறு ஆள் அன்று. அடுத்த தலைமுறையில் அதே லோப் நகரத்துக்குக் குடிபெயர்ந்து லியோபோல்ட் அல்லது லுட்விக் ஆவார், மோசே மோரிட்ஸ் ஆவார், பாரூக் பெர்ன்ஹார்ட் ஆவார். லெவி ஸ்ட்ராஸும் பிறந்தபோது லோப்தான். முதலெழுத்தொன்றே பெரும்பாலும் பாலமாக எஞ்சும். இதில் உதவும் வழக்கம் ஒன்றும் உண்டு. ஜெர்மனியையும் கிழக்கு ஐரோப்பாவையும் சார்ந்த அஷ்கனாசி யூதர்கள் உயிரோடிருப்பவரின் பெயரைக் குழந்தைக்கு இடுவதில்லை, இறந்த உறவினரின் பெயரையே இடுவார்கள். ஆகவே ஒரே ஊரில் ஒரே ஆண்டை ஒட்டி மூன்று பேரக்குழந்தைகளுக்கு ஒரே பெயர் விழுந்தால், அந்தப் பெயருடைய தாத்தா சற்று முன்பு இறந்திருக்கிறார் என்று ஊகித்து அந்த ஆண்டுகளின் இறப்புப் பதிவைப் பாருங்கள்.

இப்போது பதிவேடுகளை நாஜிகள் அழித்தார்களா என்ற உங்கள் முதல் கேள்வி. யூதச் சமூகங்களின் ஆவணங்களைத் திரட்டிக் காக்க 1905இல் பெர்லினில் ஜெர்மானிய யூதரின் பொது ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. 1920 முதல் யாகோப் யாகோப்சன் அதன் தலைவர். 1935இன் நியூரம்பெர்க் சட்டங்கள் ஒருவர் யூதரா என்பதைத் தாத்தா பாட்டிகளைக் கொண்டு தீர்மானித்தன. அதனால் யூதப் பிறப்புப் பதிவேடுகள் நாஜி அரசுக்குக் கிடைத்தற்கரிய கருவிகள் ஆயின. அரசின் வம்சாவளி அலுவலகம் அந்தக் காப்பகத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்து, நாடெங்குமிருந்த சமூகப் பதிவேடுகளையும் பறித்துச் சேர்த்தது. யாகோப்சனின் மனைவியும் மகனும் இங்கிலாந்து சென்றுவிட, அவருடைய அறிவு தேவைப்பட்டதால் அவர் மட்டும் தடுத்து நிறுத்தப்பட்டார். 1943இல் தெரேசியன்ஷ்டட் முகாமுக்கு அனுப்பப்பட்ட பிறகும் வம்சாவளி ஆய்வு வேலையைத் தொடரச் செய்யப்பட்டார். உயிர் பிழைத்து இங்கிலாந்தில் குடியேறிய அவர், பெர்லின் யூதர்களின் குடியுரிமைப் பதிவேடுகளையும் திருமணங்களையும் பதிப்பித்தார். பெர்லின் குடும்பங்களைத் தேடுவோருக்கு அவை இன்றும் அடிப்படை நூல்கள்.

பறிக்கப்பட்ட பதிவேடுகள் போரின் இறுதிக் காலத்தில் துரிங்கியாவின் ராட்ஸ்ஃபெல்ட் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, டூயிஸ்புர்கைச் சேர்ந்த காட்டர்மன் என்னும் நிறுவனத்தால் 1945 வரை மைக்ரோஃபிலிமில் படம்பிடிக்கப்பட்டன. அசல் புத்தகங்களில் மிகப் பெரும்பாலானவை அதன் பிறகு கிடைக்கவில்லை. எஞ்சியவை ஃபிலிம் சுருள்களே. யூதர்களை அழிப்பதற்குத் துணையாகத் திரட்டப்பட்ட தொகுப்பின் நிழற்படங்களைக் கொண்டுதான் இன்று வாரிசுகள் தம் முன்னோரைக் கண்டடைகிறார்கள். நான் முன்பு சொன்ன ஸ்டுட்கார்ட் தொகுப்பின் பின்னணியும் இதுவே. அவசரத்தில் எடுக்கப்பட்டவை என்பதால் சில பக்கங்கள் மங்கலாகவும் சில வரிகள் மடிப்பில் மறைந்தும் இருக்கும். படிக்க முடியவில்லை என்று அசலைக் கேட்டுக் காப்பகத்துக்கு எழுதுவதில் பயனில்லை, அதே ஊரின் இரண்டாம் படி நீதிமன்றத்திலோ நகராட்சியிலோ தங்கியிருக்கிறதா என்று கேளுங்கள்.

நாஜிக் காலத்தின் தடம் அதற்கு முந்தைய பதிவுகளின் ஓரங்களிலும் இருக்கிறது. 1938 ஆகஸ்ட் 17ஆம் தேதிய ஆணைப்படி, யூதப் பெயர்கள் என்று அரசு பட்டியலிட்டவற்றுள் ஒன்றைக் கொண்டிராத யூத ஆண்கள் இஸ்ரேல் என்றும் பெண்கள் சாரா என்றும் கூடுதல் பெயரை 1939 ஜனவரி 1 முதல் ஏற்க வேண்டியிருந்தது. 1880இல் எழுதப்பட்ட பிறப்புப் பதிவின் ஓரத்திலும் இந்தக் குறிப்பு எழுதப்பட்டது, போருக்குப் பின் அதை நீக்கும் இன்னொரு குறிப்பும் அதன் கீழேயே பல இடங்களில் இருக்கும். வம்சாவளி எழுதும் சிலர் சாரா என்பதை அந்தப் பெண்ணின் உண்மையான நடுப்பெயராகக் கருதிச் சேர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் குறிப்பின் தேதி, அப்போது அவர் உயிரோடு இருந்தார் என்பதற்குச் சான்று என்ற அளவில் மட்டும் பயன்படுத்துங்கள்.

நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டவர்களுக்கு ஊர்ப் பதிவேட்டில் இறப்புப் பதிவு இருக்காது. போருக்குப் பிறகு உறவினர்களின் விண்ணப்பத்தின் மேல் நீதிமன்றங்கள் அவர்களை இறந்தவர்களாக அறிவித்தன. அந்த அறிவிப்புகளில் 1945 மே 8 என்ற தேதியைப் பார்த்தால் அது சட்டத்துக்காக வைக்கப்பட்ட தேதி, இறந்த நாள் அன்று. முகாம்களில் இறந்தோருக்காக 1949இல் ஆரோல்சனில் ஒரு சிறப்புப் பதிவு அலுவலகமும் நிறுவப்பட்டது. இவற்றைவிட விரிவான தகவல் இழப்பீட்டுக் கோப்புகளில் இருக்கும். 1950களில் வாரிசுகள் இழப்பீடு கேட்டு அளித்த விண்ணப்பங்களில் குடும்ப வரலாறு, பள்ளி, கடை, வீட்டுச் சாமான்கள் வரை எழுதப்பட்டிருக்கும். உங்கள் மருமகனின் பாட்டி அப்படி விண்ணப்பித்திருந்தால் அந்தக் கோப்பு மாநிலக் காப்பகத்தில் இருக்கும். பிறப்புப் பதிவுக்கு முன்பே அதைக் கேட்பது நல்லது என்பேன்.

கையெழுத்தைப் பற்றி ஒரு சொல். பழைய பதிவுகள் கூரெண்ட் என்ற கூரிய எழுத்தில் உள்ளன. இன்று ஜெர்மன் நன்றாக அறிந்தவர்களுக்கே அது எளிதில் புலப்படாது. மொத்தப் பக்கத்தையும் படிக்க முயலாமல், மாதப் பெயர்கள், 'மகன்', 'மகள்', 'பிறந்த வீட்டுப் பெயர்', 'வணிகர்', 'கால்நடை வியாபாரி' போன்ற திரும்பத் திரும்ப வரும் சில பத்துச் சொற்களை அடையாளம் காணப் பழகினால் போதும், ஏனெனில் படிவத்தின் வாசகம் மாறுவதில்லை. அதற்கும் முந்தைய தாள்களில் ஜெர்மன் மொழியையே எபிரேய எழுத்தில் எழுதியிருப்பார்கள். பதிவேடுகள் தொடங்குவதற்கு முந்தைய தலைமுறைகளுக்குப் பாதுகாப்புக் கடிதங்கள், வரிப் பட்டியல்கள், விருத்தசேதனம் செய்துவைத்தவர் வைத்திருந்த குறிப்பேடுகள், கல்லறைக் கல்வெட்டுகள் ஆகியவையே சான்று. கல்வெட்டுகளை எஸ்ஸன் நகரின் ஷ்டைன்ஹைம் நிறுவனம் எபிடாட் என்னும் தரவுத்தளத்தில் மொழிபெயர்ப்போடு தருகிறது. எபிரேயக் கல்வெட்டு பெரும்பாலும் தந்தையின் பெயரையும் சொல்லும் என்பதால் ஒரே கல்லில் இரண்டு தலைமுறை கிடைக்கும்.

குடும்பத்தின் ஒரு கிளை போசன், சிலேசியா, பொமரேனியா போன்ற கிழக்குப் பகுதிகளுக்குப் போனால், அந்த ஊர்கள் இன்று பெரும்பாலும் போலந்தில் உள்ளன. பதிவேடுகளில் ஒரு பகுதி போலந்து அரசுக் காப்பகங்களின் இணையதளத்திலும், ஒரு பகுதி பெர்லினின் முதலாம் பதிவு அலுவலகத்திலும் இருக்கின்றன.

கடிதம் எழுதும்போது ஜெர்மன் மொழியில், சுருக்கமாக எழுதுங்கள்: முழுப் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தச் சமயம், விண்ணப்பதாரருக்கு என்ன உறவு, கட்டணம் செலுத்தத் தயார் என்ற ஒரு வரி. உறவை நிறுவும் சான்றுகளின் நகல்களை இணையுங்கள். இன்னின்னார் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும் என்று கேட்டால் பதில் வராது, ஒரு கடிதத்தில் ஒரு பதிவைக் கேட்டால் வரும். புதிதாக அச்சிட்டுத் தரும் சான்றிதழில் ஓரக் குறிப்புகள் விடுபடும் என்பதால், ஆய்வுக்காக என்றால் பதிவேட்டுப் பக்கத்தின் ஒளிநகலைக் கேளுங்கள். மருமகன் ஜெர்மன் குடியுரிமையை மீளப் பெறவும் எண்ணினால், 1933 ஜனவரி 30க்கும் 1945 மே 8க்கும் இடையே குடியுரிமை பறிக்கப்பட்டோரின் வாரிசுகளுக்கு ஜெர்மனியின் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. அதற்கு ஒளிநகல் போதாது. பாட்டியின் பிறப்புப் பதிவு முதல் அவர் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் அலுவலக முத்திரையிட்ட சான்று வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிட்டால் இரண்டாம் முறை எழுத வேண்டியிராது.